சீட்டின் முதுகு

சீட்டு விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். உருவம், உள்ளடக்கம் என்று இத்தனை வருஷங்களாக நாம் பேசி வந்ததெல்லாம் கவிதையையும் கதையையும் வைத்துத்தான். அவற்றில் இந்த இரண்டையும் தனித்தனியே எடுத்துக் காட்டுவது சிரமம். அதனாலேயே நம் பேச்சு பல சமயம் புகைமூட்டமாகிவிடுகிறது. விளையாட்டில் இந்தச் சிரமம் இல்லை. விதி ஒரு புறம். பெயரும் படமும் மறுபுறம். இரண்டும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே ஒன்றின்மேல் மற்றொன்று வெறுமனே ஒட்டப்பட்டிருக்கிறது என்பது ஆடிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு இது தெரிய வந்தது என் அக்காள் மகனால். கல்லூரியில் படித்த நாட்களில் 'மேஜிக்: த கேதரிங்' என்ற அமெரிக்கச் சீட்டு விளையாட்டில் பைத்தியமாக இருந்தான். ஆட ஆள் கிடைக்காதபோது என்னைப் பிடித்து உட்கார வைப்பான். மந்திரவாதிகள், பூதங்கள், வாள் ஏந்திய பெண்கள் என்று முதலில் எனக்கு எல்லாமே அம்புலிமாமா அட்டைப்படங்களாகத்தான் தெரிந்தன. பிறகு ஒரு நாள் ஒரு சீட்டின் விதியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அந்தச் சீட்டுக்குப் பிற்பாடு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

சீட்டுக் கட்டின் மேல் ஒரு கதையை ஏற்றுவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. பாரசீகத்திலிருந்து வந்த கஞ்சீஃபா என்ற வட்டச் சீட்டு ஆட்டத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் மொகலாயர்கள். சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்கு ஒரு கஞ்சீஃபாக் கட்டை அனுப்பியதாக 1527ஆம் வருஷத்துக் குறிப்பில் பாபர் எழுதியிருக்கிறார். மொகலாயக் கட்டில் எட்டு இனங்கள். இனத்துக்குப் பன்னிரண்டு வீதம் 96 சீட்டுகள். அரசன், மந்திரி, பின் ஒன்று முதல் பத்து வரை. அது ஓர் அரசவையின் வடிவம். இந்த ஆட்டம் அரண்மனையை விட்டு வெளியே வந்தபோது சித்திரக்காரர்கள் எட்டு இனங்களைப் பத்தாக்கினார்கள். பத்து அவதாரம், 120 சீட்டு. மீன், ஆமை, பன்றி என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அவதாரச் சின்னம். ஸாவந்தவாடியிலும் ஒரிஸ்ஸாவிலும் வங்கத்து விஷ்ணுபூரிலும் இவற்றைக் கையால் எழுதினார்கள்.

இதை இனத்தின் பெயர் மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தசாவதார ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. பகலில் ஆடினால் ராமன் கையில் இருப்பவன் முதலில் இறங்க வேண்டும். இரவில் ஆடினால் கிருஷ்ணன் கையில் இருப்பவன். ராமன் சூரிய குலம். கிருஷ்ணனோ நள்ளிரவில் பிறந்தவன், சந்திர குலம். இந்த இடத்தில் புராணம் படமாக நிற்கவில்லை; ஆட்டத்தின் நடைமுறையாகிவிட்டது. வெளியே இருட்டுகிறதா என்று ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு இறக்க முடியும். யார் இந்த விதியைச் செய்தார் என்பதற்குப் பெயர் இல்லை. நல்ல கைகாரராக இருந்திருக்க வேண்டும்.

இனி 1993க்கு வருகிறேன். அமெரிக்காவில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் ஸியாட்டில் பக்கத்துச் சிறு கம்பெனி ஒன்றுக்காக ஓர் ஆட்டம் செய்தார். அந்தக் கம்பெனி விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். ஆட்டத்தின் மூல யோசனை எளிமையானது: எல்லோருக்கும் பொதுவான கட்டு என்று ஒன்று கிடையாது. கிட்டத்தட்ட முந்நூறு விதமான சீட்டுகள் அச்சாகின்றன. வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கும் என்று தெரியாது. கிடைத்ததை வைத்து அவரவர் கட்டை அவரவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்று ஐந்து நிலச் சீட்டுகள். அவற்றிலிருந்து வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறச் சக்திகள். அந்தச் சக்தியைச் செலவிட்டு ஜந்துக்களை அழைக்கலாம், மந்திரம் போடலாம். எதிராளியின் இருபது உயிர்ப் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

ஆகஸ்ட் மாதம் வெளிவந்த ஆட்டம் கையில் நிற்கவில்லை. உடனே புதிதாக ஏதாவது வேண்டும் என்றாயிற்று. அந்த டிசம்பரிலேயே முதல் விரிவுத் தொகுதி வந்தது. பெயர் 'அரேபியன் நைட்ஸ்', 78 சீட்டுகள், செய்தவர் கார்ஃபீல்ட் ஒருவரே. நீல் கெய்மன் எழுதி, கிரெய்க் ரஸ்ஸல் வரைந்து, அதே வருஷம் வெளிவந்த 'ஸாண்ட்மேன்' படக்கதையின் ஐம்பதாவது இதழ் அவரைத் தூண்டியது. அதில் பாக்தாதின் பொற்காலம் அழியாமலிருக்க வேண்டும் என்று ஹாரூன் அல் ரஷீத் தன் நகரத்தைக் கனவுகளின் அரசனுக்குக் கொடுத்துவிடுகிறார். நகரம் ஒரு சீசாவுக்குள் போய்விடுகிறது.

இந்த முதல் தொகுதியிலேயே ஒரு சிக்கல் வந்தது. சீட்டின் முதுகை என்ன செய்வது? புதிய தொகுதிக்கு வேறு நிறத்தில் முதுகு என்றுதான் ஏற்பாடு. ஆனால் முதுகு வேறானால், கலைத்துப் போட்ட கட்டில் அடுத்து வருவது பழைய சீட்டா புதிய சீட்டா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டும் ஒரு கட்டில் கலக்க முடியாமல் போகும். கடைசி நேரத்தில் முதுகு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று தீர்மானித்தார்கள். தொகுதியை அடையாளம் காட்ட முகத்தில் ஒரு சின்ன வளைவாள் சின்னம் போட்டதோடு சரி. புதிய தொகுதியிலும் நிலச் சீட்டுகள் இருக்கும் என்று முதலில் நினைத்து, பிறகு வேண்டாமென்று எடுத்ததில், ஒரே ஒரு 'மலை' தவறுதலாக அச்சில் தங்கிவிட்டது. மணல்வெளியின் கதைகளுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு மலை. அச்சகத்தோடு பழகிய நமக்கு இது புதிதல்ல.

முதுகு ஒன்றே என்ற தீர்மானம் வியாபாரத் தீர்மானம்தான். ஆனால் அதன் பொருள் பெரியது. ஷஹ்ராஸாத்தும் ஐரோப்பியப் பறவை நாகமும் ஒரே கட்டில் ஒரே முதுகோடு கலந்து கிடக்கலாம் என்றாகிவிட்டது. எந்த நாட்டுக் கதையும் இனி இந்த ஆட்டத்துக்குள் வரலாம். வந்த பிறகு அதன் முதுகு மற்றவற்றின் முதுகைப் போலத்தான் இருக்கும்.

ஒரு தொகுதி ஒரு பொருளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க நம்மிடம் ஏற்கனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்தது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், விலங்கு, மரம், உணவு, பறை ஆகியவை கரு. அங்கே நிகழும் மனநிலை உரி. விரிவுத் தொகுதிகளில் பெரும்பாலானவை கருப்பொருளோடு நின்றுவிடுகின்றன. அரேபியா என்றால் ஒட்டகம், விளக்கு, ஜின், கம்பளம். 'அரேபியன் நைட்ஸ்' தொகுதியிலும் இவையெல்லாம் உண்டு. ஆனால் சில சீட்டுகள் உரியைத் தொடுகின்றன.

சிந்துபாத் சீட்டைப் பாருங்கள். 1960இல் தினத்தந்தியில் கன்னித்தீவுக்குப் புறப்பட்ட சிந்துபாத்தை நமக்குத் தெரியும்; அலைவதுதான் அவன் தொழில். சீட்டின் விதி: ஒரு சீட்டை எடுத்துக் காட்டு, அது நிலமாக இருந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் எறிந்துவிடு. கடலோடிக்குக் கரை தட்டினால் உண்டு, தட்டாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. சிந்துபாத்தின் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த கடற்கிழவனுக்கும் ஒரு சீட்டு இருக்கிறது. தன் பலத்துக்கு மேற்படாத எதிராளியின் ஜந்து ஒன்றை அவன் பிடித்துக்கொள்ளலாம்; அவனுடைய சீட்டு சாய்ந்து கிடக்கும்வரை அது அவன் வசம். அவன் நிமிர்ந்தால் பிடி விட்டுப்போகும். கதை தெரியாதவன் கையிலும் விதி அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறது.

நான் பேசாமல் இருந்தது ஷஹ்ராஸாத் சீட்டைப் படித்து. அதை இறக்கினால் நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் அப்படியே நிற்கும். மிச்சமிருக்கும் கட்டுகளைக் கொண்டு இருவரும் புதிதாக ஓர் உள்-ஆட்டம் ஆட வேண்டும். அதில் தோற்றவன் வெளி-ஆட்டத்தில் தன் உயிரில் பாதியை இழப்பான். உள்-ஆட்டத்திலும் இன்னொரு ஷஹ்ராஸாத் வந்துவிட்டால் அதற்குள் இன்னோர் ஆட்டம். கதைக்குள் கதை வைத்துத் தன் சாவைத் தள்ளிப்போட்ட பெண்ணைப் படம் வரைந்து காட்டத் தேவையில்லாமல் போய்விட்டது. ஆடுகிறவர்கள் இருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், விடியலை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பிற்பாடு இந்தச் சீட்டைப் போட்டிகளில் தடைசெய்தார்கள். நேரம் போகிறதாம். நேரம் போவதுதானே அதன் அர்த்தம்!

இன்னொன்று 'சீசாவுக்குள் நகரம்'. அது மேசையில் இருக்கும்வரை இந்தத் தொகுதியைச் சேர்ந்த வேறெந்தச் சீட்டும் மேசையில் தங்க முடியாது. தொகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அடுத்து 1994 மார்ச்சில் வந்த 'ஆன்டிக்விட்டீஸ்' தொகுதியிலும் இதே மாதிரி ஒரு கிண்ணம் உண்டு.

அந்த 'ஆன்டிக்விட்டீஸ்' வேறு வகையில் நல்ல தொகுதி. கார்ஃபீல்டின் பல்கலைக்கழக நண்பர்கள் நாலு பேர் செய்தது: ஸ்காஃப் எலியாஸ், ஜிம் லின், கிறிஸ் பேஜ், டேவ் பெட்டி. இரவல் கதை கிடையாது. ஊர்ஸா, மிஷ்ரா என்று இரண்டு சகோதரர்கள், அவர்களுடைய யுத்தம். ஆனால் கதை கோவையாகச் சொல்லப்படவில்லை. சீட்டுகள் அத்தனையும் யந்திரங்களையும் கருவிகளையும் சுற்றியே இருக்கின்றன. புதைபொருள் ஆராய்ச்சிக்காரன் சட்டி பானைகளை வைத்து ஒரு குடும்பத்தின் சண்டையை ஊகிப்பதுபோல நாம் ஊகிக்க வேண்டும். ஊர்ஸாவின் சுரங்கம், மின்நிலையம், கோபுரம் ஆகிய மூன்று நிலங்களும் தனித்தனியே இருந்தால் தலைக்கு ஒரு பங்கு சக்திதான். மூன்றும் சேர்ந்தால் ஏழு பங்கு. யுத்தம் எப்படி ஒரு நாட்டைத் தொழிற்சாலையாக்குகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாக்கியம் தேவையில்லை.

எதிர்த்திசையில் உதாரணம் 1995 அக்டோபரில் வந்த 'ஹோம்லேண்ட்ஸ்'. ஊர்கள், பிரபுக்கள், குலச் சண்டைகள் என்று கதைக்குக் குறைவில்லை. ஆனால் கதை பெயரிலும் அடிக்குறிப்பிலும் இருந்தது, விதிக்குள் இறங்கவில்லை. இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் மிகப் பலவீனமான தொகுதி என்று ஆடுகிறவர்கள் அதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1996இல் நடந்த ஒரு பெரிய போட்டியில், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்து சீட்டுகளாவது கட்டில் இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். கட்டாயத்தின் பேரில் படிக்கப்படும் இலக்கியத்தை நமக்குத் தெரியும்.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வர வேண்டும். யாருடைய கதையை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? 'அரேபியன் நைட்ஸ்' என்ற நூலே விரிவுத் தொகுதிகளால் ஆனதுதான். அந்த்வான் கல்லான் 1704இல் பிரெஞ்சில் அதை வெளியிடத் தொடங்கினார். கையிலிருந்த அரபுச் சுவடி தீர்ந்தது. வாசகர் பசி தீரவில்லை. 1709இல் பாரீஸுக்கு வந்திருந்த அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப் அவருக்கு வாய்மொழியாகக் கதைகள் சொன்னார். அலாவுதீன் அப்படி வந்தவன்; அலிபாபாவும் அப்படியே. அதற்கு முன் இவ்விரு கதைகளுக்கும் அரபுச் சுவடி கிடைக்கவில்லை. கல்லான் தம் நாட்குறிப்பில் தியாபின் பெயரை எழுதி வைத்தார், அச்சில் போடவில்லை. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வரைக்கும் வந்த கதைக்குக் கடன் எழுத வேண்டிய பெயர் தியாபினுடையது. மேஜிக்கின் அலிபாபா சீட்டு ஒரு சுவரைச் சாய வைக்கும், பாறை திறக்கிறது. அந்தச் சீட்டிலும் தியாப் இல்லை.

ஆகவே 'தூய' அரபுக் கதையை அமெரிக்கன் கெடுத்துவிட்டான் என்று சொல்ல என்னால் முடியாது. கெடுப்பதற்கு முன்னும் அது பல கை மாறியது. ஆனால் பொறுப்பு என்று ஒன்று உண்டு. இதே தொகுதியில் 'ஜிஹாத்' என்று ஒரு சீட்டு; 1994 ஜூனில் வந்த 'லெஜண்ட்ஸ்' தொகுதியில் 'பிரதேஷ் ஜிப்ஸிகள்' என்று ஒன்று. பிரதேசம் என்றால் வெறுமனே வட்டாரம், எந்த வட்டாரம்? காதுக்கு இந்தியத்தனமாக இருந்தது, போட்டுவிட்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்து ஏழு சீட்டுகளை, இனத் துவேஷமோ கலாச்சார இழிவோ உள்ளவை என்று, 2020 ஜூனில் கம்பெனியே போட்டிகளிலிருந்து விலக்கியது. விலக்கியது சரி. ஆனால் அவற்றை விலக்க முடிந்தது அவை மேலோட்டமாக இருந்ததால்தான் என்றும் நினைக்கிறேன். ஷஹ்ராஸாத்தை அப்படி உரித்தெடுக்க முடியாது. அங்கே பெயரை அழித்தாலும் விதி நிற்கும். விதி நின்றால் அவளும் நிற்பாள்.

2016 செப்டம்பரில் நம் பக்கத்துக்கே வந்தார்கள். 'கலாதேஷ்' என்ற தொகுதி, 264 சீட்டுகள். தங்கக் கம்பி வேலைப்பாடு, யானைகள், புடவையின் சாயலில் உடைகள், கண்டுபிடிப்பாளர்களின் திருவிழா. பார்க்க அழகு. வறுமையையும் பாம்பாட்டியையும் விட்டுவிட்டு யந்திரம் செய்யும் மகிழ்ச்சியோடு இந்தியாவை இணைத்ததற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விதிகளை எடுத்துப் பார்த்தால் — சேமித்துச் செலவிடும் சக்தி, ஆள் ஏறினால் நகரும் வாகனம் — பெயர்களை மாற்றி எந்த நாட்டிலும் வைத்துவிடலாம். கரு நம்முடையது, உரி பொது. அந்தப் பெயரும் நிற்கவில்லை. கலா, காலா என்ற குறில் நெடில் வித்தியாசம் ரோமன் எழுத்தில் தெரியாது. ஒன்று கலை, மற்றது கறுப்பு. 2025இல் வந்த தொகுதியில் அந்த உலகம் 'ஆவிஷ்கார்' ஆகிவிட்டது. கதைக்குள்ளும், புரட்சிக்குப் பின் மக்கள் தம் நாட்டின் பெயரை மாற்றிக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

முதுகைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 1993இல் எடுத்த தீர்மானத்தை 2011 செப்டம்பரில் மீறினார்கள். 'இன்னிஸ்ட்ராட்' தொகுதி, மார்க் ரோஸ்வாட்டர் தலைமையில் செய்தது, பொருள் ஐரோப்பியப் பேய்க்கதை. மனிதன் ஓநாயாக மாறுவதை எப்படிக் காட்டுவது? முதுகே இல்லாத சீட்டு அச்சிட்டார்கள். ஒரு முகத்தில் மனிதன், மறுமுகத்தில் ஓநாய். மறைவுறை போட்டோ, பதிலிச் சீட்டு வைத்தோதான் அதைக் கட்டில் கலக்க முடியும். எப்போது திருப்புவது? ஒரு முழு முறையில் யாரும் ஒரு மந்திரமும் சொல்லாமல் இருந்தால் இரவு வந்துவிட்டதாக அர்த்தம், ஓநாய் வெளிவரும். யாராவது ஒரே முறையில் இரண்டு மந்திரம் சொன்னால் மீண்டும் மனிதன். மௌனம்தான் இரவு. தசாவதாரக் கட்டு செய்த பெயர் தெரியாதவர் இதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

அதற்கு நேர் எதிர்க்கோடியில் 2023இல் டோல்கீனின் மோதிரக் கதையை வைத்து ஒரு தொகுதி. கதையில் மோதிரம் ஒன்றே ஒன்று. ஆகவே அந்தச் சீட்டில் ஒரு விசேஷப் பதிப்பை உலகம் முழுவதற்கும் ஒரே பிரதி அச்சிட்டுப் பொட்டலங்களுக்குள் கலந்துவிட்டார்கள். அது இருபது லட்சம் டாலருக்கு விலைபோனது. இங்கேயும் பொருள் படமாக நிற்காமல் நடப்பாகிவிட்டது என்று வாதிக்கலாம். ஆனால் அந்த மோதிரத்தின் ஆசை ஆட்டத்துக்குள் இல்லை, கடையில் இருந்தது. ஷஹ்ராஸாத் ஆடுகிறவனை ஆட்டத்துக்குள் இழுத்தாள். மோதிரம் அவனை வெளியே அனுப்பியது.

கடைசியாக எங்கள் தோல்வி. அக்காள் மகன் ஊரை விட்டு வேலைக்குப் போகுமுன் ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் இருவரும் ஐந்திணைத் தொகுதி ஒன்று செய்ய முயன்றோம். ஐந்து நிலம், ஐந்து நிறம் — இதைவிட வசதி வேறென்ன? முதல் வாரத்தில் நாற்பது சீட்டு எழுதிவிட்டோம். எல்லாம் கரு: சுறா, செந்நாய், எருமை, தொண்டகப்பறை. ஆடிப் பார்த்தால் எருமைக்குப் பதில் பறவை நாகம் இருந்தாலும் ஒன்றுதான். கிழித்துப் போட்டோம். பிறகு உரியில் கை வைத்தோம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதால், பாலைக்குத் தனிச் சீட்டு வேண்டாம், அது முல்லையின் மறுமுகம் என்றான் அவன். நல்ல யோசனை. அதற்கு மேல் நகரவில்லை. இருத்தலுக்கு விதி எழுதலாம்: வெளியே போன சீட்டு திரும்பி வரும்வரை சாயாமல் இரு. எழுதினோம். ஆனால் எதிராளியின் இருபது புள்ளி இருபதாகவே இருந்தது. காத்திருந்து யாரைத் தோற்கடிப்பது?

ஒரு நாள் அக்காளை உட்கார வைத்து ஆடினோம். அவள் கடைசிவரை ஒரு முறைகூடத் தாக்கவில்லை. "அடிக்காம இருந்தா தோத்துடுவேம்மா" என்றான். "ஏண்டா, உன்னோடயும் தம்பியோடயும் உட்கார்ந்திருக்கேன், எதுக்கு அடிக்கணும்?" என்றாள். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உரிப்பொருளை அவள் சரியாகப் பிடித்திருந்தாள். அது அந்த ஆட்டத்தின் அடிப்படை விதிக்கே எதிராக இருந்தது. கட்டை மாற்றலாம், முதுகைக்கூட எடுத்துவிடலாம். ஜெயிப்பது என்றால் என்ன என்பதை விரிவுத் தொகுதியால் மாற்ற முடிவதில்லை.

அவன் போய் நாலு வருஷமாகிறது. கிழிக்காமல் வைத்த பதினொரு சீட்டுகள் அவனுடைய பெட்டியில், மற்றவற்றின் நடுவே இருக்கின்றன. முல்லைச் சீட்டின் மறுபக்கம் அவன் வரைந்து முடிக்கவில்லை. வெறும் அட்டையாக இருக்கிறது. அதை நான் நிரப்பவில்லை.